ரோமாபுரிப் பவுன்

காசைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் ஆசை நம் பெண்களுக்கு நேற்று வந்ததல்ல. சுமார் 2000 வருஷங்களுக்கு முன் ரோமாபுரியிலிருந்து வந்த தங்கக் காசுகளைத் துளையிட்டும், வளையம் வைத்தும் நம் நாட்டில் அணிந்திருக்கிறார்கள். அசல் அகப்படாதபோது, அதே மாதிரி போலிக் காசுகளும் இங்கே தயாராகியிருக்கின்றன!

அவ்வளவு தங்கம் ஏன் வந்தது? முத்து, மிளகு, மெல்லிய துணி இவற்றில் ரோமாபுரிச் சீமாட்டிகளுக்கு இருந்த மோகம்தான். இந்தியாவுக்கு வருஷந்தோறும் 5 கோடி 'செஸ்டர்ஸ்' நாணயத்துக்குக் குறையாமல் போகிறதே என்று பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் அங்கலாய்த்தார். பழியில் ஒரு பங்கைப் பெண்கள் தலையிலும் போட்டார். எந்தத் தேசத்துப் புருஷர்தான் போடவில்லை?

முத்துக்குப் பேர்போன கொற்கைக்கு வடக்கே விரிந்து கிடப்பது கோவில்பட்டிக் கரிசல் சீமை. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் மூடிக்கொள்ளும் மண். கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள கரிவலம்வந்தநல்லூர், ரோமானியப் பொற்காசு கிடைத்த ஊர்களின் ஜாபிதாவில் இடம் பெற்றது. அந்தப் பக்கத்தில் உங்களுக்கு நிலமோ உறவோ இருந்தால், இனி வருவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

கிடைத்த காசு ரோமானியக் காசுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் எடை. திபேரியஸ் சக்கரவர்த்தி (கி.பி. 14-37) காலத்துத் தங்கக் காசு ஏறக்குறைய 7¾ கிராம் இருக்கும். நம் பவுனுக்கு இரண்டு குன்றிமணி குறைவு, அவ்வளவுதான். வெள்ளிக் காசு அதில் பாதி எடை.

அடுத்தது முகம். பக்கவாட்டில் திரும்பிய தலை; அதில் இலை மாலை. சுற்றிலும் இருக்கும் லத்தீன் எழுத்துக்களை இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம். 'யு' வரவேண்டிய இடத்தில் 'வி' இருந்தால் திகைக்க வேண்டாம். அக்காலத்து வழக்கம் அது.

பிறகு மறுபக்கம். ஒரு கையில் கோலும் மறு கையில் கிளையுமாக ஒரு பெண் ஆசனத்தில் வீற்றிருந்தால், அது திபேரியஸின் காசு. அந்த அம்மாள் அவருடைய தாயார் லிவியா என்று பலர் கருதுகிறார்கள். இரண்டு வாலிபர்கள் கேடயங்களுடன் நின்றால், அது அகஸ்டஸ் வெளியிட்டது. அவர்கள் அவர் சுவீகாரம் எடுத்துக்கொண்ட பேரப் பிள்ளைகள்.

முகத்தில் உளி வெட்டு இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சியில் 501 தங்கக் காசுகள் அகப்பட்டன. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இப்படி வெட்டுப்பட்டவை! இனி இது செலாவணிக்கு ஆகாது என்று காட்டவே வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. மதுரை வைகை மணலில் கிடைத்த சின்னஞ்சிறு செப்புக் காசுகள் இவற்றுக்கெல்லாம் பிந்தியவை. 4, 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

ஆனால் ஒன்று. காசு கைக்கு வந்ததும் நம் வீட்டில் முதலில் என்ன செய்வோம்? புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்போம்! தயவு செய்து தேய்க்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். மெல்லிய காகிதத்தில் சுற்றி, எந்தப் புஞ்சையில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பானையில், எத்தனை காசுகளோடு கிடைத்தது என்று எழுதி வையுங்கள். காசு எந்த நாட்டது என்பதை அதுவே சொல்லிவிடும். நம் ஊருக்கு அது எப்படி வந்தது என்பதைக் கிடைத்த இடம்தான் சொல்லும்.

தட்டாரிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். 1847-ல் கண்ணூருக்கு அருகே கோட்டயம் என்ற ஊரில் கிடைத்த ரோமானியத் தங்கம் ஐந்து ஆள் சுமை என்று சொன்னார்கள். அறிஞர்கள் கண்ணில் பட்டது அதில் ஒரு பகுதிதான்.

1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பது குற்றம். சர்க்கார் அதை எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. தட்டாரோ சேதாரம் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார். எது லாபம் என்று வீட்டுக் கணக்குப் பார்க்கும் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?