ஆடினா... தூக்கிடு!

ஒத்தக்கடை ஸ்டாப்பில் இன்ஜினை ஆஃப் பண்ணாம நிக்கிற பழைய டவுன் பஸ்ஸைப் பார்த்திருக்கீங்கதானே? ஜன்னல், கம்பி எல்லாம் கிடுகிடுன்னு ஆடும். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சதும் நின்னுடும். ரெசொனன்ஸ்! பஸ்ஸில் இது காமெடி. ஹெலிகாப்டரில் உயிர்ப் பிரச்னை. பேரு, கிரவுண்ட் ரெசொனன்ஸ்.

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் பைலட்டுகள் பழகிய சேத்தக்கையே எடுத்துக்குவோம். விசிறிக்கு மூணு இறக்கை. ஒவ்வொண்ணும் கீலில் முன்னும் பின்னும் கொஞ்சம் அசையும். இறங்கும்போது ஒரு சக்கரம் மட்டும் 'தொம்'முனு இடிச்சா, 120 டிகிரி இடைவெளி கலைஞ்சு எடை ஒரு பக்கம் ஒதுங்கிடும். மேலே விசிறியின் ஆட்டமும் கீழே சக்கரத்தின் மேல் உடம்பு ஆடுற ஆட்டமும் ஒரே தாளத்துக்கு வந்தா, ஒண்ணை ஒண்ணு ஏத்திவிடும். சில நொடியில் ஹெலிகாப்டர் பீஸ் பீஸ்!

வழக்கமான உதறல் வேற; இது தொட்டில் மாதிரி ஆடி, ஆட்டத்துக்கு ஆட்டம் பெருசாகும். விசிறி முழு வேகத்தில் இருந்தா உடனே மேலே தூக்கிடணும். (பயந்தவனுக்கு இறங்கத்தானே தோணும்? இங்கே தலைகீழ்!) தரையை விட்டதும் தாளம் உடைஞ்சிடும். வேகம் குறைஞ்சிருந்தா தூக்க முடியாது. கலெக்டிவ் லிவரை இறக்கி, த்ராட்டிலை மூடணும்.

இதுக்கான கணக்கை 1943-லேயே அமெரிக்காவின் ராபர்ட் கோல்மன் போட்டுவெச்சிட்டார். அதனாலதான் கீலில் ஆட்டத்தை அடக்கும் டாம்பர் இருக்கு. பறக்கறதுக்கு முன்னாடி அதையும் டயர் காத்தையும் செக் பண்றாங்க.