பன்னிரண்டு கிராம் உயிர் – 7: தூக்கத்தில் பாடும் குருவி

மீட்டு வந்த பறவைக்கு நகம் வெட்டுவதும் முப்பது நாள் தனிக்கூண்டும் சென்ற வாரத்தோடு முடிந்தன. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்துவிடுங்கள். இந்த வாரம் கூண்டும் கூட்டுக்கான மண்கலயமும் என்று அறிவித்திருந்தேன். கூண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்த விஷயம் அதற்குப் பின்னால் காத்திருக்கிறது.

மீட்டு வந்த ஜீப்ரா ஃபின்ச்சுக்குக் கூண்டின் உயரத்தால் பெரிய பயன் கிடையாது. அதற்கு நீளம் வேண்டும். கிளி கம்பியைப் பற்றி ஏறும், ஃபின்ச் ஏறாது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பறக்கும், திரும்பி வரும். பகலில் பாதி அதற்கே போகும். ஆகவே ஒரு ஜோடிக்குக் குறைந்தது மூன்றடி நீளம். உயர்ந்து குறுகிய அலங்காரக் கூண்டும், வட்டக் கூண்டும் பார்க்கத்தான் அழகு. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பெரிய பறவைகளுக்கென்று செய்த கூண்டில் இதன் தலை வெளியே போய் மாட்டிக்கொள்ளும்.

கூண்டோடு கொடுக்கும் வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சியைக் கழற்றிவிடுங்கள். வேப்பங்கிளை அல்லது கொய்யாக்கிளையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒன்று மெல்லியதாக, ஒன்று சற்றுத் தடிமனாக, இரண்டு முனைகளில் மட்டும் கட்டுங்கள். நடுவைக் காலியாக விட வேண்டும். அங்கே ஊஞ்சலும் மணியும் கண்ணாடியும் தொங்கினால் மூன்றடிக் கூண்டு ஓரடிக் கூண்டாகிவிடும். தினைக் கிண்ணமும் தண்ணீரும் குச்சிக்கு நேர் கீழே இருந்தால் எச்சம் விழும். கணவாய் ஓடு ஒன்றைக் கம்பியில் செருகுங்கள். எறும்பு ஏறாதபடி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். குளிக்க அகலமான தட்டில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர், தினமும் காலையில். இந்தப் பறவைக்குக் குளியல் ஆடம்பரமில்லை, இறகு சீராக இருப்பதற்கே அது வேண்டும்.

கூண்டைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதிய காற்று ஒரே திசையில் நுரையீரலைக் கடந்தபடி இருக்கும். பறப்பதற்கு உதவும் இந்த ஏற்பாடு நச்சுப் புகையையும் அதே வேகத்தில் உள்ளே இழுத்துவிடும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்க கேனரிகளைக் கொண்டுபோனது இதனால்தான். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890களில் சொன்ன யோசனை அது, 1986 வரை நடைமுறையில் இருந்தது. அந்தக் கூண்டுகளில் ஒரு வகை என்னை நெகிழவைக்கிறது. கூண்டின் மேல் சிறிய ஆக்சிஜன் உருளை ஒன்று இருக்கும். கேனரி மயங்கி விழுந்தால் கதவை மூடிவிட்டு ஆக்சிஜனைத் திறந்துவிடுவார்கள், அது பிழைத்துக்கொள்ளும். தங்களைக் காப்பாற்றிய பறவையைத் தாங்களும் காப்பாற்ற நினைத்தவர்கள் செய்த கூண்டு. நம் வீட்டில் கொசுவத்திச் சுருளும், சாம்பிராணியும், அடுப்பில் காலியாகக் காயும் நான்ஸ்டிக் கல்லும் உண்டு, ஆக்சிஜன் உருளை கிடையாது. ஆகவே கூண்டு இருக்கும் அறையில் இந்த மூன்றும் வேண்டாம். நான்ஸ்டிக் பூச்சு அதிகச் சூடேறினால் வரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

கூண்டு பற்றி இவ்வளவுதான். இனி நான் சொல்லத் துடிப்பது.

ஆண் ஜீப்ரா ஃபின்ச் தூக்கத்தில் பாடுகிறது. சத்தம் வராது. மூளைக்குள் பாடுகிறது.

2000-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமிஷ் தவே, டேனியல் மார்கோலியாஷ் என்ற இருவர் இதைக் கண்டார்கள். ஃபின்ச் பாடும்போது அதன் மூளையில் பாட்டை இயக்கும் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் கொத்துக்கொத்தாகத் துடிக்கும். எந்த ஒலிக்கு முன்னால் எந்த அணு எத்தனை முறை, எந்த இடைவெளியில் துடிக்கிறது என்பது ஒவ்வொரு பறவைக்கும் திட்டமாக இருக்கும். அதே அணுக்களைப் பறவை உறங்கும்போதும் அவர்கள் கவனித்தார்கள். நிசப்தமான இரவில், எந்தத் தூண்டுதலும் இல்லாமல், பகலில் பாடியபோது வந்த அதே துடிப்பு வரிசை திரும்ப வந்தது. பிறகு பியூனஸ் ஐரிஸ் பல்கலைக்கழகத்தில் கப்ரியேல் மிண்ட்லினின் குழுவினர் உறங்கும் பறவையின் குரலுறுப்புத் தசைகளிலும் அசைவைப் பதிவு செய்தார்கள். மூச்சு சேர்ந்து தள்ளாததால் ஒலி மட்டும் பிறப்பதில்லை.

ஆண்குஞ்சு பாட்டோடு பிறப்பதில்லை. கூட்டை விட்டு வந்த நாட்களில் அப்பாவின் பாட்டைக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்கிறது. பிறகு மழலையாக எதையோ முணுமுணுக்கத் தொடங்கி, கேட்டதற்கும் பாடுவதற்கும் உள்ள தூரத்தைத் தானே குறைத்துக்கொண்டு வந்து, ஏறத்தாழ மூன்று மாதத்தில் ஒரு பாட்டில் நிலைகொள்கிறது. ஒரு விநாடிக்கு மேல் அதிகம் போகாத சிறு பாட்டு அது. ஆயுள் முழுக்க அது மாறாது. பெண் பாடுவதில்லை, அழைப்பொலிகள் மட்டும் கொடுக்கும்.

2005-ல் செபாஸ்டியன் தெரெஞோகூரும் ஓஃபர் செர்னிகோவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் இளம் ஆண்களின் பாட்டை நாள் தவறாமல் ஒலிப்பதிவு செய்து, முதல் நாள் மாலையையும் மறுநாள் காலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காலையில் பாட்டு பின்னுக்குப் போயிருந்தது. முந்தின மாலையில் தெளிவாக இருந்த ஒலிகள் கலைந்து, மழலைக்குத் திரும்பியது போல இருந்தன. அன்று பகல் முழுக்கப் பாடிப் பாடி மீட்டெடுத்துச் சற்று முன்னேறும். மறுநாள் காலை மறுபடி கலையும். தூக்கம் கெடுதல் செய்கிறதோ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் எந்தக் குஞ்சின் பாட்டு காலையில் அதிகம் கலைந்ததோ, அதுவே கடைசியில் தனக்குப் பாடமாகக் கேட்ட பாட்டுக்கு மிக நெருக்கமாகப் பாடியது. நேற்று பாடமானதைப் பிரித்துப் போட்டு, இன்று மறுபடி கட்டிப் பார்க்கும் மாணவனுக்குத்தான் சாதகம் பலிக்கிறது என்று பழைய வாத்தியார்கள் கண்டுகொண்டதை, இந்தச் சிறு தலை தூங்கியபடியே செய்கிறது. இதைப் படித்த இரவு வெகுநேரம் நான் வேறெதையும் படிக்கவில்லை.

மீட்கப்பட்ட பறவைகளின் பாட்டில் இன்னொரு விஷயம் கவனியுங்கள். ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் இம்மெல்மன், ஜீப்ரா ஃபின்ச் முட்டைகளைப் பெங்காலி ஃபின்ச் ஜோடிகளிடம் அடைகாக்கக் கொடுத்தார். வளர்ந்த ஆண்கள் பெங்காலியின் பாட்டைப் பாடின. பக்கத்தில் சொந்த இனம் பாடிக்கொண்டிருந்தாலும் வளர்த்தவரின் பாட்டே பதிந்தது. பறவை வளர்த்து விற்பவர்கள் இன்றும் பெங்காலிகளை வளர்ப்புத் தாயாக வைக்கிறார்கள். ஆகவே உங்கள் வீட்டுக்கு வந்த ஜீப்ரா வேறு ஏதோ பாடுகிறதென்றால் நோய் என்று பயப்பட வேண்டாம், அதன் குழந்தைப் பருவத்தில் யார் இருந்தார்கள் என்பது அதில் இருக்கிறது. பெங்காலியின் மூதாதை நம் தென்னாட்டிலும் வாழும் வெள்ளை முதுகுச் சில்லை இனம் என்பது பலருக்குத் தெரியாது. அந்த இனத்தைச் சீனாவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுபோய் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கூண்டில் வளர்த்ததில் வந்ததுதான் இன்றைய பெங்காலி. பெங்காலியை வளர்க்கலாம். ஆனால் நம் ஊர்ச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். சந்தையில் பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசி விற்கும் குருவி பெரும்பாலும் சில்லைதான். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

இப்போது கூண்டுக்கு வருகிறேன், நான் விலகிப் போகவில்லை. விற்கும் இடங்களில் இந்தப் பறவைகள் பட்ட முதல் கஷ்டம் நெரிசல், இரண்டாவது வெளிச்சம். டியூப்லைட் எப்போது அணையும் என்று தெரியாது, ஷட்டர் இறங்கினால் நடுப்பகலிலும் இருட்டு. வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை மாறுகிறதா? பெரும்பாலான வீடுகளில் கூண்டு ஹாலில் இருக்கிறது. டிவி பதினொன்றரை வரை ஓடுகிறது. விடிகாலை ஐந்துக்குப் பால் வரும்போது விளக்கு எரிகிறது. நடுவில் ஐந்தரை மணி நேரம்தான் இருட்டு. பன்னிரண்டு மணி நேர இரவுக்குப் பழகிய உடம்பு அது. மூளை தன் பாட்டை எடுத்து ஒத்திகை பார்க்கும் நேரத்தைத்தான் நாம் சீரியலுக்குக் கொடுத்துவிடுகிறோம். நீளம் எத்தனை அடி என்று என்னைக் கேட்பவர்கள் இருட்டு எத்தனை மணி நேரம் என்று கேட்பதில்லை. எனக்கு இரண்டும் கூண்டின் அளவுதான்.

சென்னையில் ஆண்டு முழுக்கப் பகலும் இரவும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே கணக்கு சுலபம். பொழுது சாய்ந்ததும் கூண்டை டிவி இல்லாத அறைக்கு மாற்றுங்கள். மாற்ற இடமில்லையென்றால் பழைய பருத்தி வேட்டியால் மூன்று பக்கமும் மேலும் மூடி, சுவர்ப்பக்கத்தைக் காற்றுக்கு விடுங்கள். கம்பளியும் பிளாஸ்டிக் தாளும் நம் ஊர் வெக்கைக்கு ஆகாது. விளக்கைச் சட்டென்று அணைக்காதீர்கள். தரையில் தினை பொறுக்கிக்கொண்டிருக்கும் ஃபின்ச்சுக்கு இருட்டில் குச்சி தெரியாது, கம்பியில் மோதும். பெரிய விளக்கை அணைத்து, சிறிய விளக்கைச் சற்று நேரம் விட்டுவைத்தால் எல்லாம் ஏறி வரிசையாக உட்கார்ந்துவிடும். உடம்போடு உடம்பு ஒட்டி உட்காரும். தனியாக ஒரே ஒரு ஃபின்ச்சை வைத்திருப்பவர்கள் அந்த வரிசையை ஒரு முறை எங்காவது போய்ப் பாருங்கள், பிறகு உங்களுக்கே தாங்காது. துணை கொடுங்கள். குஞ்சு வேண்டாமென்றால் ஒரே பாலில் இரண்டு.

நடு இரவில் பல்லியோ பூனையோ அசைந்தால் முழுக்கூட்டமும் அலறிப் பறக்கும். அப்படி அடிக்கடி நடந்தால் அறையின் தொலைமூலையில் ஜீரோ வாட் பல்பு ஒன்று எரியட்டும். இறங்கிய குருவிக்குக் குச்சி தெரியும் அளவு போதும். தீபாவளி வாரத்தில் உள் அறை கட்டாயம், ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும்.

நல்ல தூக்கத்தையும் நோயையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். நலமான பறவை பெரும்பாலும் ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் வைத்து, தலையை முதுகில் செருகி, குச்சியில் தூங்கும். பட்டப்பகலில் இறகை உப்பிக்கொண்டு இரண்டு கால்களையும் ஊன்றி, மற்றவை பறக்கும்போது தான் மட்டும் கண்மூடியிருந்தால் அது களைப்பல்ல. உடனே கதகதப்பு கொடுத்து, பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இவை நோயை மறைத்துக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும்.

என்னிடம் வந்த ஆண் ஒன்று வாரக்கணக்கில் வாய் திறக்கவில்லை. முதுகில் இறகு இல்லை, மற்றவை பிடுங்கியிருந்தன. நீளக் கூண்டும் துணையும் ஒழுங்கான இருட்டும் ஒன்றாகவே கிடைத்ததால் எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு விடியலில் பாடியது. இப்போது இரவில் அந்த அறையைக் கடக்கும்போது விளக்கைப் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டு போகிறேன்.

கலயத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஆனால் தூக்கத்தைப் பற்றிப் பேசியாயிற்று என்பதால் பாதி வழி வந்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் ஜீப்ரா ஃபின்ச்சுகள் இரவு தங்குவதற்கென்றே கூடு கட்டும். அப்படியானால் கூண்டில் மண்கலயம் கட்டித் தருவதுதானே நியாயம்? கட்டினால் முட்டையிடும். மழை எப்போது வருமென்று தெரியாத நாட்டுப் பறவை, தண்ணீரும் தானியமும் இருந்தால் மாதம் பார்க்காது, ஓயாது. மீட்டு வந்த மெலிந்த பெண்ணுக்கு அது உயிர்போகும் விஷயம். கலயம் கொடுப்பதா, எப்போது, யாருக்கு என்பது முழுதாக அடுத்த வாரம்.

அதற்குள் கூண்டில் முட்டையைப் பார்த்துவிட்டவர்கள் எடுத்து எறியாதீர்கள். எறிந்தால் அதற்கு ஈடாக இன்னொன்று இடும், ஒவ்வொரு ஓட்டுக்கும் அதன் உடம்பிலிருந்துதான் சுண்ணாம்பு போகிறது. முட்டையை வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கணவாய் ஓடு தீர்ந்திருந்தால் இன்றே புதிது செருகுங்கள்.

(தொடரும்)