ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

மாத்திரையா, மூலிகையா? பயப்பட வேண்டியது எதற்கு?

"இங்கிலீஷ் மருந்து உடம்புக்கு ஆகாது. கிட்னியைக் கெடுத்துவிடும். ஊரிலிருந்து வந்த பொடியை ஒரு மண்டலம் சாப்பிடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்."

தாராவி, மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று மும்பையில் தமிழர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கேட்பவர்களும் விவரம் அறியாதவர்கள் அல்ல. மாதா மாதம் மாத்திரைக்குப் பணம் கொடுத்து அலுத்துப் போனவர்கள், ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டும் என்று கேட்டுத் திகைத்தவர்கள், இந்த வார்த்தையில் ஓர் ஆறுதலைக் காண்கிறார்கள்.

ரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகிய இரண்டு நோய்களிலும் இந்த ஆறுதலுக்குக் கொடுக்கும் விலை பெரிது. ஊரில் ஐந்தாறு பேர் ஒருவர் சம்பளத்தை நம்பியிருக்க, அவர் இங்கே வாதத்தில் படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? ஆகவே மாத்திரை, மூலிகை இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

பயத்திலும் நியாயம் உண்டு

மாத்திரைகளுக்குப் பக்க விளைவு கிடையாது என்று எந்த நல்ல டாக்டரும் சொல்லமாட்டார். ரத்தக் கொதிப்புக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் உண்டாக்கும். எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும் மாத்திரைகளால் உடம்பில் பொட்டாசியம் என்னும் உப்புச் சத்து குறையலாம். நீரிழிவுக்குத் தரும் மெட்பார்மின் வயிற்றைக் கலக்கும். பல வருஷங்கள் சாப்பிட்டால் 'பி-12' என்ற வைட்டமின் குறையலாம்.

இவை எல்லாம் எல்லோருக்கும் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு வழி இருக்கிறது. கால் வீங்கினால் அளவைக் குறைப்பார்கள் அல்லது மருந்தை மாற்றுவார்கள். இருமல் வந்தால் வேறு வகை மாத்திரை தருவார்கள். வைட்டமின் குறைந்தால் அதைக் கொடுத்துச் சரி செய்வார்கள். டாக்டரிடம் சொன்னால்தான் இது நடக்கும். சொல்லாமல் நிறுத்தினால் நடக்காது.

கிட்னியைக் கெடுப்பது எது?

கிட்னியைப் பற்றிய பயம்தான் எல்லாவற்றிலும் பெரியது. அது தவறான மாத்திரையின் மேல் விழுந்திருக்கிறது என்பதே வேடிக்கை.

கிட்னி பழுதாவதற்கு முதன்மையான இரண்டு காரணங்கள், கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் கட்டுக்கு அடங்காத ரத்தக் கொதிப்பும்தான். இவற்றைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் கிட்னியைக் காப்பாற்றவே தரப்படுகின்றன. மேலே சொன்ன எனலாப்ரில் வகை, நீரிழிவுக்காரர்களின் கிட்னி கெடாமல் இருப்பதற்கென்றே பல சமயம் கொடுக்கப்படுகிறது. டாக்டர் அவ்வப்போது ரத்தச் சோதனை செய்து அளவைச் சரி பார்ப்பார்.

உண்மையில் கிட்னிக்குப் பகை, உடம்பு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரைதான். நாள் முழுதும் மூட்டை தூக்குபவரும், மெஷின் முன்னால் நிற்பவரும், லோக்கல் ரயிலில் நின்றபடியே ஆபீஸ் போய் வருபவரும் இரவில் ஒரு டைக்ளோபெனாக்கோ, இபுப்ரோபெனோ போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். தினமும் தொடர்ந்தால் இவை வயிற்றில் புண் உண்டாக்கும், கிட்னியைப் பாதிக்கும், ரத்தக் கொதிப்பையும் ஏற்றும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்குப் பயந்து, யாரும் எழுதிக் கொடுக்காத மாத்திரையைப் பயமின்றிச் சாப்பிடும் வழக்கத்தை என்னவென்று சொல்வது!

மும்பையில் மாத்திரையான மூலிகை

மூலிகை வேறு, மாத்திரை வேறு என்று கோடு கிழிப்பவர்கள் மும்பையின் சொந்தச் சரித்திரத்தையே ஒரு முறை பார்க்கலாம்.

சர்ப்பகந்தா என்ற செடியின் வேர், தூக்கமின்மைக்கும் சித்தப் பிரமைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் பல காலமாகக் கொடுத்து வந்தது. அது ரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் எழுதினார்கள். பிறகு மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் ரஸ்தம் ஜல் வக்கீல், நோயாளிகளுக்கு அந்த வேரைக் கொடுத்து, ரத்த அழுத்தத்தை அளந்து, குறித்துவைத்து, 1949-ல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் நிமிர்ந்து பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து 'ரிசர்பின்' என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். மூலிகை மாத்திரையாயிற்று. 1957-ல் டாக்டர் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

கதை அங்கே முடியவில்லை. ரிசர்பின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மூக்கடைப்பு, சோர்வு, மனத் தளர்ச்சி ஆகியவை வருவது தெரிந்தது. அதைவிடச் சௌகரியமான மருந்துகள் பின்னால் வந்ததும் அது ஓரம் கட்டப்பட்டது.

வேரில் குணம் இருந்தது. அதே வேரில் தொல்லையும் இருந்தது. அளந்து பார்த்ததால்தான் இரண்டும் வெளியே தெரிந்தன. செடியில் விளைந்ததா, தொழிற்சாலையில் விளைந்ததா என்பது முக்கியமல்ல. எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என்ற கணக்கு இருக்கிறதா என்பதே முக்கியம்.

இயற்கை என்றால் ஆபத்து இல்லையா?

இருமலுக்கு நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் நல்ல பொருள்தான். ஆனால் அதையே தினமும் கஷாயமாகக் குடித்தால் ரத்தக் கொதிப்பு ஏறும், பொட்டாசியம் குறையும். கொதிப்பு உள்ளவர்கள் அதைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. சர்க்கரை மாத்திரையோடு வெந்தயப் பொடியையும் பாகற்காய்ச் சாற்றையும் அளவின்றிச் சேர்த்தால், சர்க்கரை தேவைக்குக் கீழே இறங்கித் தலை சுற்றல் வரலாம்.

கொரோனா காலத்தில், 2020-ன் இறுதி மாதங்களில், சீந்தில் கொடியைக் கஷாயமாகவும் மாத்திரையாகவும் சாப்பிட்ட 6 பேர் ஈரல் பாதிப்போடு மும்பையில் சிகிச்சைக்கு வந்ததை டாக்டர்கள் 2021-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். மத்திய ஆயுஷ் அமைச்சகம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சீந்திலைப் போன்றே தோன்றும் வேறு கொடியாக இருக்கலாம் என்று கூறியது. இரு தரப்பில் யார் சொல்வது சரியானாலும், கஷாயம் காய்ச்சியவர் கையில் இருந்தது எந்தக் கொடி என்பது அவருக்கே தெரியாது!

இன்னொரு கணக்கும் உண்டு. இன்டர்நெட் மூலம் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வாங்கிச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தது. ஐந்தில் நான்கு பங்கில் அவை காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் பெயரில்லாத பொட்டலம் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று வாங்குபவர் எப்படி அறிவார்?

ரயில் பெட்டிகளிலும் சுவர்களிலும் 'நீரிழிவு நிரந்தர குணம்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அது சட்டப்படி குற்றம். நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, வலிப்பு, புற்றுநோய் முதலியவற்றைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷச் சட்டம் தடை செய்கிறது.

இயற்கை வழி எங்கே வெல்லும்?

அப்படியானால் இயற்கை வழியே வீணா? இல்லை. அதற்கும் அளந்து பார்த்த சாட்சி உண்டு. அதுவும் சென்னையிலேயே உண்டு.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2006-ல் வெளிவந்தது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். உணவைச் சீராக்கி நடைப்பழக்கம் மேற்கொண்டவர்களிடம், நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் சுமார் 26 சதவீதம் குறைந்தது. அதாவது நடையும் நாக்குக் கட்டுப்பாடும் மாத்திரைக்குச் சற்றும் இளைத்தவை அல்ல.

கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்கள் நோய் வருமுன் நின்றவர்கள். நோய் வந்த பிறகு நடை மட்டும் போதுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

ரத்தக் கொதிப்பிலும் இதே கதைதான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஸ்டேஷன் வாசல் வடாபாவ், பர்சான் என்று நாம் அதை எளிதில் தாண்டிவிடுகிறோம். உப்பைக் குறைத்தால் கொதிப்பு சில புள்ளிகள் இறங்கும். தொந்தி கரைந்தால் இன்னும் சில புள்ளிகள். தினம் அரை மணி நடந்தால், மதுவையும் புகையிலையையும் விட்டால், மேலும் நன்மை. இப்படிச் செய்தவர்களுக்கு டாக்டரே மாத்திரையைக் குறைப்பது உண்டு. மாத்திரையிலிருந்து விடுபட நேர்வழி இதுதான்.

'நன்றாகத்தான் இருக்கிறேன்'

மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி சாப்பிடுபவர் சொல்லும் வார்த்தை இது. அவர் பொய் சொல்லவில்லை. ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 120 இருந்தாலும் 180 இருந்தாலும் அதே உடம்பு, அதே பசி, அதே தூக்கம். நன்றாக இருப்பதாகத் தோன்றுவது பொடியின் பெருமைக்குச் சாட்சி ஆகாது. கையில் பட்டை கட்டி அளக்கும் கருவி ஒன்றுதான் சாட்சி.

மாத்திரை நின்றதும் கொதிப்பு மெல்ல மெல்ல ஏறும். ஒரு நாள் கை கால் விழும், வாய் கோணும், பேச்சுக் குழறும். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. இருதயத் துடிப்பைத் தணிக்கும் அட்டினலால் வகை, வலிப்பு மாத்திரை, பல நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு, இன்சுலின் ஆகியவற்றை ஒருபோதும் தாமாக நிறுத்தக் கூடாது. காச நோய் மருந்தை இடையில் விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும்.

மும்பைத் தமிழருக்கு மாத்திரை நிற்கும் நேரம் பெரும்பாலும் ஊர்ப் பயணம்தான். பத்து நாள் லீவு இருபது நாளாகும். கொண்டுபோன மாத்திரை தீர்ந்துவிடும். கோயில் கொடை, கல்யாணம் என்ற சந்தடியில் அது மறந்துபோகும். நாகர்கோவில் ரயிலில் திரும்பும்போது பெட்டியில் மாத்திரைக்குப் பதில் ஒரு பொடி டப்பா இருக்கும்.

செய்ய வேண்டியவை

* ஊருக்குப் புறப்படும்போது லீவு நாள்களைவிட 15 நாளுக்கு அதிகமாக மாத்திரையும், டாக்டர் எழுதிய சீட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

* மாத்திரை விலை சுமையாக இருந்தால் நிறுத்தாதீர்கள். மாநகராட்சி டிஸ்பென்சரிகளிலும், ஜன் ஔஷதி கடைகளிலும் அதே மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள்.

* டாக்டரிடம் இந்தியில் பேசத் தயக்கமானால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். "யே கோலி கிஸ் லியே? கப் தக்?" என்ற இரண்டு கேள்விகளாவது கேளுங்கள். எதற்கு, எதுவரை என்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

* சாப்பிடும் பொடி, லேகியம், கஷாயம், வலி மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

* சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால், படித்துப் பதிவு பெற்ற சித்த டாக்டரிடமே போங்கள். லைசென்ஸ் எண், சேர்மானம், தயாரித்த தேதி அச்சிடாத டப்பாவை வாங்காதீர்கள். மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் 'உடனே கேட்கும்' பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை பிடிபட்டிருக்கிறது.

* எந்த வைத்தியமானாலும் மாதம் ஒரு முறை ரத்த அழுத்தத்தை அளந்து, நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். 140-க்கு 90 என்ற அளவைத் தாண்டியே நின்றால், சாப்பிடுவது எதுவானாலும் அது போதவில்லை என்று பொருள்.

மாத்திரை மேல் பக்தியும் வேண்டாம், பகையும் வேண்டாம். மூலிகைக்கும் அப்படியே. மளிகைக் கடைப் பாக்கியை நோட்டில் எழுதி வைப்பவர்கள், உடம்பின் கணக்கையும் அதே நோட்டில் இன்னொரு பக்கத்தில் எழுதலாம். மாத்திரையைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா என்று டாக்டரோடு பேச அந்தப் பக்கம் போதும்.