எதைத் திறப்பது?

(விளக்கக் கட்டுரை)

'திற' என்னும் ஏவலைத் தனியே கூறினால், கேட்பவர் "எதை?" என்று வினவுவார். கதவையா, பெட்டியையா, நூலையா என்று அறியாமல் அச்செயலைச் செய்ய எவராலும் இயலாது. இவ்வாறு செயப்படுபொருளை வேண்டி நிற்கும் வினையை இலக்கண நூலார் செயப்படுபொருள் குன்றா வினை என்பர். கணினிக்கு எழுதப்படும் நிரல்களிலும் இத்தகைய கட்டளைகள் உண்டு. கட்டளை இருந்து, அதற்குரிய பொருள் விடுபட்டுப் போனால் என்ன நேரும்? அப்பிழையைக் கண்டறிந்து திருத்தும் முறை யாது? இவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1. ஏலத்தோட்டத்துக் கணக்கு

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில் உள்ள மலையூர் சாந்தன்பாறை. அதனைச் சூழ்ந்து ஏலத்தோட்டங்கள் உள்ளன. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறைகளாக இத்தோட்டங்களில் உழைத்து வருகின்றன. கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்விக்கென 2001ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அது 2017ஆம் ஆண்டு 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாறியது. உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்களை இந்நிறுவனம் நடத்துகிறது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் நிரல் எழுதப் பயிலும் வாய்ப்பு இவ்வாறு அமைந்தது.

சாந்தன்பாறை மாணவி ஒருத்தி, காய் எடுக்கும் தொழிலாளர்களின் எடைக் கணக்கைக் கூட்டுவதற்குப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதுகிறாள் என்று கொள்ளலாம். ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு கோப்பு உண்டு. அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு தொழிலாளியின் பெயரும், அவர் அன்று எடுத்த பச்சைக்காயின் எடையும் இருக்கும். குறித்த அளவுக்கு மேல் எடுத்த காய்க்கு மிகைக்கூலி இந்தக் கணக்கைக் கொண்டே வழங்கப்படும். நிரலுக்கு அவள் இட்ட பெயர் 'கூலி'. முனையத்தில் 'கூலி' என்றும், அதனையடுத்து 'ஆகஸ்டு' என்றும் தட்டச்சு செய்தால், ஆகஸ்டு மாதக் கோப்பு திறக்கப்பட்டுக் கணக்கு வெளிவரும். நிரலின் பெயருக்குப் பின் தரப்படும் 'ஆகஸ்டு' போன்ற மதிப்புக்குச் செயலுருபு என்று பெயர்.

2. நிரல் நின்ற இடம்

ஒருநாள் அவள் 'கூலி' என்று மட்டும் தட்டச்சு செய்கிறாள். மாதத்தின் பெயர் விடுபட்டுப்போகிறது. கணக்கு வரவில்லை. மாறாக, திரையில் ஒரு பிழைச்செய்தி தோன்றுகிறது.

பைத்தானின் பிழைச்செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தல் வேண்டும். கடைசி வரி பிழையின் வகையைக் கூறும். இங்கு அது 'இண்டெக்ஸ் எரர்' என்று காணப்படுகிறது. பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து ஒரு மதிப்பை எடுக்க நிரல் முயன்றது என்பது இதன் பொருள். அதற்கு மேலுள்ள வரிகள், பிழை நிகழ்ந்த கோப்பையும் வரியின் எண்ணையும் காட்டும். இங்கு அது நிரலின் 3ஆம் வரி.

அவ்வரியில் நிகழ்வது இதுவே: முனையத்தில் தட்டச்சு செய்த சொற்களைப் பைத்தான் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்கிறது. அப்பட்டியலின் இடங்கள் சுழியத்திலிருந்து எண்ணப்படும். சுழியாம் இடத்தில் நிரலின் பெயரான 'கூலி' இருக்கும். ஒன்றாம் இடத்தில் 'ஆகஸ்டு' இருத்தல் வேண்டும். மாணவி மாதப் பெயரைத் தராததால் ஒன்றாம் இடமே உருவாகவில்லை. ஆகவே, கோப்பைத் திறக்கும் வரியை அடையும் முன்பே நிரல் நின்றுவிட்டது.

மாதப் பெயரை எழுத்துப்பிழையுடன் தந்திருந்தால் வேறு செய்தி வந்திருக்கும். அதன் வகை 'ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர்'. முன்னது பெயரே தரப்படாத நிலை. பின்னது தந்த பெயரில் கோப்பு இல்லாத நிலை. இரண்டும் வெவ்வேறு பிழைகள். ஆதலால் திருத்தங்களும் வேறு.

3. பிழையை மறைக்கும் திருத்தம்

மாணவிக்கு எளிய வழியொன்று தோன்றலாம். மாதப் பெயர் தரப்படாவிட்டால் 'ஆகஸ்டு' என்றே எடுத்துக்கொள்ளுமாறு நிரலில் எழுதிவிடலாம். அதன்பின் பிழைச்செய்தி வாராது. எனினும் இது திருத்தமாகுமா?

செப்டம்பர் மாத முடிவில் அவள் மீண்டும் 'கூலி' என்று மட்டும் தட்டச்சு செய்தால், நிரல் ஆகஸ்டு மாதக் கணக்கை அழகாக அச்சிட்டுத் தரும். திரையில் எந்தக் குறையும் தெரியாது. ஆகஸ்டு மாதத்தில் காய்ச்சலால் பத்து நாள் வேலைக்கு வராமல், செப்டம்பரில் முழுமையாக உழைத்த ஒரு தாய்க்கு, அவர் படுத்திருந்த மாதத்தின் கணக்கே கைக்கு வரும். முன்பு நிரல் நின்றபோது எவருக்கும் இழப்பில்லை. இப்போது நிரல் ஓடுகிறது, கூலி குறைகிறது. நின்றுபோன நிரலைவிடத் தவறான விடையை அமைதியாகத் தரும் நிரலே தீங்கானது.

4. உலகம் கண்ட ஒரு நிகழ்வு

இத்தகைய தவறு தேர்ந்த நிறுவனங்களிலும் நேர்ந்துள்ளது. கணினி விளையாட்டுகளை வழங்கும் 'ஸ்டீம்' மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இருந்த ஒரு வழு, 2015ஆம் ஆண்டு சனவரியில் வெளிப்பட்டது. அதன் நிரலொன்றில், 'ஸ்டீம் இருக்கும் கோப்புறையில் உள்ள அனைத்தையும் அழி' என்னும் பொருள்படும் வரி இருந்தது. பயனர் ஒருவர் அக்கோப்புறையை வேறிடத்திற்கு மாற்றியபின், கோப்புறையின் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாயிற்று. பெயர் நீங்கிய அக்கட்டளை, 'கணினியின் வேரிலிருந்து அனைத்தையும் அழி' என்று மாறிவிட்டது. அப்பயனரின் கோப்புகள் அழிந்தன. இணைத்திருந்த வெளிச் சேமிப்பகத்தில் இருந்த படிகளும் தப்பவில்லை. பெயர் வெறுமையா என்று முன்னரே சோதித்து நிரல் நின்றிருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது.

5. செம்மையான திருத்தம்

கோப்பைத் திறக்கும் முன் நிரல் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: பட்டியலில் இரண்டு சொற்கள் உள்ளனவா? இல்லையெனில், "மாதத்தின் பெயரைத் தருக. எடுத்துக்காட்டு: கூலி ஆகஸ்டு" என்று தெளிவாக அறிவித்து, வேலையைத் தொடராமல் முடித்துக்கொள்ள வேண்டும். முடியும்போது சுழியம் அல்லாத ஓர் எண்ணை இயங்குதளத்திற்குத் தருதல் மரபு. சுழியம் வெற்றியையும், பிற எண்கள் தோல்வியையும் குறிக்கும். இச்சோதனையைத் தானே செய்து தரும் 'ஆர்க்பார்ஸ்' என்னும் கூறு பைத்தானுடனேயே கிடைக்கிறது.

திருத்திய பின்னர் நிரலைப் பலவாறு இயக்கிப் பார்த்தல் வேண்டும்: பெயர் தராமல் ஒருமுறை, சரியான பெயருடன் ஒருமுறை, இல்லாத பெயருடன் ஒருமுறை, வெற்றுக் கோப்பின் பெயருடன் ஒருமுறை. நான்கிலும் எதிர்பார்த்தது நிகழ்ந்தால்தான் வழு நீங்கியதாகக் கொள்ளலாம்.

"எதை?" என்று கேட்பவரை அறியாதவர் என்று எவரும் இகழ்வதில்லை. கேளாமல் தவறான கதவைத் திறப்பவரே இடர் விளைப்பவர். நல்ல நிரலும் அறியாததைக் கேட்டுத் தெளிந்த பின்னரே செயற்படும்.

அருஞ்சொற்பொருள்

நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
முனையம் – கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை
செயலுருபு – நிரலுக்குத் தரப்படும் மதிப்பு
வழு – பிழை
சுழியம் – பூச்சியம்

பயிற்சி

1. பிழைச்செய்தியைக் கடைசி வரியிலிருந்து படிப்பது ஏன்?
2. 'ஆகஸ்டு' என்று நிரலிலேயே எழுதிவைத்தது ஏன் திருத்தமாகாது? உம் சொற்களில் விளக்குக.
3. 'கொடு', 'வா', 'எழுது', 'தூங்கு' – இவற்றுள் "எதை?" என்னும் வினாவை எழுப்பும் ஏவல்களைத் தேர்ந்தெடுத்துத் தொடரில் அமைக்க.
4. உம் வீட்டிலோ அண்டை அயலிலோ தவறினால் ஒருவருக்கு இழப்பு நேரும் கணக்கு ஒன்றைக் குறிப்பிட்டு, அதனைச் சரிபார்க்கும் முறையை ஐந்து வரிகளில் எழுதுக.