இறங்கியே ஆக வேண்டும் என்று விமானியை நெருக்காதீர்கள்

2001 மார்ச் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கொலராடோவின் மலைநகரமான ஆஸ்பெனுக்கு ஒரு வாடகை ஜெட் விமானம் 41 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. ஆஸ்பெனில் அந்த விமானம் இறங்க அன்றைய கெடு மாலை 6.58. வேறு ஊரில் இறங்க நேரலாம் என்று தெரிந்ததும் வாடகைக்கு எடுத்தவர் கொதித்துப்போனார். அந்தக் கோபம் நிறுவனம் வழியாக விமானியின் காதுக்கும் போனது. கடைசி நிமிடங்களில் பயணி ஒருவர் காக்பிட் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே பனிப்பொழிவு, முன்னால் போன விமானங்கள் இறங்க முடியாமல் மேலேறிவிட்டன. 7.01க்கு ஜெட் ஓடுபாதையை எட்டுமுன்பே மலைச்சரிவில் மோதியது. 18 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஓடுபாதை கண்ணில் படாமலேயே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்றது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். விமானி மீதிருந்த நெருக்கடியையும் துணைக் காரணமாக எழுதிவைத்தது. அந்த விமானம் பின்பற்றிய இறங்கும் முறையை இரவில் தடுக்கும் அரசு அறிவிப்பு இரண்டு நாள் முன்பே வந்திருந்தது. அதன் வாசகம் குழப்பமானது, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் அது போய்ச் சேரவில்லை. அரசின் இந்தப் பிழையை லேசாக விடக்கூடாது. ஆனால் பயணியின் கையில் இருப்பது நெருக்காமல் இருப்பது ஒன்றுதான்.

இருட்டில் கண்ணே ஏமாற்றும். கீழே வெளிச்சமில்லாத காடோ கடலோ இருந்து, ஓடுபாதை விளக்கு மட்டும் தெரிந்தால், அதிக உயரத்தில் இருப்பதாக விமானிக்குத் தோன்றும்; தேவைக்கு மேல் தாழ்ந்துவிடுவார். இதற்காகவே பல ஓடுபாதைகளின் ஓரம் நான்கு விளக்குகள் வைக்கிறார்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவு. நான்கும் சிவப்பானால் ஆபத்தான தாழ்வு. எல்லாச் சிறு தளங்களிலும் இவை இருக்கும் என்று சொல்ல முடியாது.

நம்மில் சிலர் சிறு விமானத்தில் ஏற நேர்வது ஏர் ஆம்புலன்ஸ் தேவைப்படும்போதுதான். 2011 மே 25 இரவு பாட்னாவிலிருந்து நோயாளியோடு டெல்லியில் இறங்க வந்த விமானம், மோசமான வானிலையில் ஃபரிதாபாத் வீடுகள் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 7 பேரோடு, தரையில் இருந்த 3 பேரும் இறந்தார்கள். உயிர் ஊசலாடும்போது அவசரப்படுவது இயல்பு. அதனால்தான் கேள்விகளை முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வாடகை விமானம் இயக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) அனுமதி இருக்கிறதா? போகும் தளத்தில் இரவில் இறங்கும் வசதி உண்டா? இறங்க முடியாவிட்டால் மாற்றுத் தளம் எது, அங்கே ஆம்புலன்ஸ் நிற்குமா? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால், இந்தியாவில் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கும். அந்த விசாரணை யார் மீதும் பழி சுமத்துவதற்கல்ல. இழப்பீட்டுக்குத் தனியாகத்தான் கேட்க வேண்டும். விமானப் போக்குவரத்துச் சட்டப்படி பயணிக்கான இழப்பீட்டு வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும், தவறினால் உரிமையே போய்விடும். துக்க வீட்டில் காசோலையோடு வரும் ‘முழுத் தீர்வு’ பத்திரத்தில் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, புறப்படுமுன் வந்த வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள்.