மயங்கி விழுந்தது வெயிலாலா, பக்கவாதத்தாலா?

சித்திரை, வைகாசி மாதங்களில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலோ, பூட்டுப் பட்டறைத் தெருவிலோ ஒரு பெரியவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால், சுற்றி நிற்பவர்கள் முதலில் சொல்வது இதுதான்: "வெயில் தாங்கல, மூஞ்சில தண்ணி தெளிச்சு மோர் குடுங்க." பல நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் அவருக்கு வந்திருப்பது பக்கவாதமாக இருந்தால், அந்த மோர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். "கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்" என்று காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் அவருடைய ஒரு கையும் காலும் பேச்சும் நிரந்தரமாகப் போய்விடலாம்.

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். பக்கவாதத்தை நாம் 'ஸ்ட்ரோக்' என்கிறோம். வெயிலால் வருவதை 'ஹீட் ஸ்ட்ரோக்' என்கிறோம். சில செய்திகளில் இதையே 'வெப்ப பக்கவாதம்' என்று வேறு எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு நோய்கள். ஹீட் ஸ்ட்ரோக்கில் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசை, அதாவது 104 ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிடும். உடம்பு கொதிக்கும், புத்தி தடுமாறும், வலிப்பு வரலாம். பக்கவாதத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது அல்லது வெடிக்கிறது. உடம்பு தொட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? "அப்பா, சிரிங்க" என்று சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? "ரெண்டு கையையும் தூக்குங்க" என்று சொல்லுங்கள். ஒரு கை மட்டும் கீழே இறங்குகிறதா? பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா? வெயில் மயக்கம் உடம்பு முழுவதையும் தளர்த்தும். பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும், அதுவும் திடீரென்று பிடிக்கும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, புத்தி தடுமாறினாலும் 108 தான். அப்போது ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். எது என்று உங்களால் முடிவு செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை, அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்யக்கூடாதது, வாய்வழியாக எதையும் கொடுப்பது. தண்ணீர், சோடா, சர்க்கரை, மாத்திரை எதுவும் வேண்டாம். வீட்டில் ஆஸ்பிரின் இருக்கிறதே என்று கொடுத்துவிடாதீர்கள். ரத்தக்குழாய் வெடித்து வந்த பக்கவாதமாக இருந்தால் அந்த மாத்திரை நிலைமையை மோசமாக்கும். அடைப்பா, வெடிப்பா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

இன்னொன்று, நேரம். அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பதும் இதைத்தான். தூங்கி எழும்போதே கை விளங்கவில்லை என்றால், தூங்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். பெரிய அடைப்பு ஒன்றில், சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நத்தத்திலிருந்தோ குஜிலியம்பாறையிலிருந்தோ திண்டுக்கல் வந்து சேரும் பயண நேரத்தையும் இந்த நாலரை மணியிலிருந்துதான் கழிக்க வேண்டும். அதனால் "முதல்ல தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்று கிளினிக் கிளினிக்காகச் சுற்றாதீர்கள். சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். தமிழக அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதமும் ஒரு தனிப் பிரிவு. திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இங்குள்ளதும் ஒன்று.

வெயிலுக்கும் பக்கவாதத்துக்கும் என்ன சம்பந்தம்?

இவ்வளவு நேரம் இரண்டும் வேறு என்று சொன்னோம். ஆனால் ஒன்று மற்றொன்றைக் கூட்டிக்கொண்டு வரும். வேர்த்துக் கொட்டும்போது உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போகின்றன. ரத்தம் கெட்டிப்படுகிறது, உறைவது எளிதாகிறது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலை நோக்கித் திரும்புவதால் பிரஷர் இறங்கலாம், இதயம் வேகமாக அடிக்கிறது. ஏற்கெனவே குழாய் சுருங்கியிருப்பவருக்கு இது போதும். உலக அளவில் பார்த்தால், அதிக வெப்பத்தால் வரும் பக்கவாதப் பாதிப்பு 1990-ஐ விட 2021-ல் 72 சதவீதம் கூடியிருக்கிறது என்கிறது உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு.

நம் பக்கம் நிலைமை தெரிந்ததுதான். 2024 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் பக்கத்து மாவட்டமான கரூரில் பரமத்தியும், ஈரோடும் 40 டிகிரியைத் தாண்டின. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்ப அலையால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது.

வீட்டில் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர் இருந்தால்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லாரும் படியுங்கள். ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடியும் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதோடு, வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் திறனும் குறைந்திருக்கும். நமக்கு தாகம் எடுத்தால் எழுந்து போய்க் குடிக்கிறோம். பேச்சு போனவர் "தாகமா இருக்கு" என்று எப்படிச் சொல்வார்? சிலர் சொல்லத் தெரிந்தும் சொல்ல மாட்டார்கள். பாத்ரூமுக்கு மருமகளையோ மகளையோ கூப்பிட வேண்டுமே என்ற கூச்சத்தில் தண்ணீரையே குறைத்துவிடுவார்கள். இது மருத்துவப் புத்தகத்தில் பெரிதாக வராது, ஆனால் வீட்டுக்கு வீடு நடப்பது. "தண்ணி வேணுமா?" என்று கேட்காதீர்கள், "வேணாம்" என்றுதான் பதில் வரும். மணிக்கு ஒருமுறை டம்ளரைக் கையில் கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் எவ்வளவு தண்ணீர் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரே சவால். தண்ணீர், இளநீர் மாதிரி நீர்த்தவை சட்டென்று தொண்டையில் இறங்கிப் புரையேறும். நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கெட்டிக் கஞ்சிப் பதம் சிலருக்கு எளிதாக இறங்கும். குடித்ததும் இருமுகிறார், குரல் கரகரக்கிறது என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விளங்காத பக்கத்துக்குச் சூடு உறைக்காது. வாசல் சிமெண்ட் தரையில் மதியம் காலை ஊன்ற வைத்தால் கொப்பளித்த பிறகுதான் நமக்கே தெரியும். வெயிலில் நின்ற சக்கர நாற்காலியின் இரும்புக் கைப்பிடியும் அப்படித்தான். உட்காரும் முன் நீங்கள் தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது படுக்கும் இடம். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் வெயில் இறங்கிய பிறகும் சூடு அடங்குவதில்லை. கட்டிலைக் கூரை தாழ்ந்த பக்கத்திலிருந்து மாற்றிப் போடுங்கள், மேற்கு ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டுங்கள். ஃபேன் இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் அனல் காற்றைத்தான் மேலே அடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது ஈரத்துணியால் அக்குள், கழுத்து, தொடை இடுக்கு எல்லாம் துடைத்துவிடுவதுதான் பலன் தரும்.

மாத்திரை விஷயம். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கோடையில் தலைசுற்றல் வரலாம். அதற்காக "வெயில் முடியட்டும்" என்று எல்லா மாத்திரையையும் நிறுத்துவது மிகப் பெரிய ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தினால் அடுத்த அடைப்புக்கு நாமே வழிவிட்ட மாதிரி. பிரஷரைப் பார்த்து அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. இதற்கு நீங்கள் மருத்துவமனை வரை அலையத் தேவையில்லாமலும் போகலாம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் வீட்டில் தருகிறார்கள். தன்னார்வலர் அக்கா வரும்போது பிரஷரைப் பார்க்கச் சொல்லுங்கள், தலைசுற்றலையும் சொல்லுங்கள். மாத்திரைகளை டூவீலர் பெட்டிக்குள் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆனால் அதில் உப்பு இருக்கிறது. பிரஷர்காரர்கள் தாகத்துக்கெல்லாம் அதைக் குடிக்க வேண்டாம், வெறும் தண்ணீரே போதும்.

குளிரும் சும்மா விடாது

திண்டுக்கல்காரர்களுக்குக் குளிர் ஒரு பிரச்சினையா என்று தோன்றும். 2019-ல் உலக அளவில் வெப்பநிலை ஒத்துக்கொள்ளாததால் நேர்ந்த பக்கவாத மரணங்கள் சுமார் 5.21 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் 4.74 லட்சம் குளிரால்! குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறுகிறது. மார்கழியில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிப்பது, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது பனியில் படுப்பது, இதெல்லாம் பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தாலும் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. விளங்காத பக்கத்துக்கு வெந்நீர்ப் பை மட்டும் வைக்காதீர்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மதியம் சமவெளியில் கொதிக்கிறது, சில மணி நேரத்தில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானலில் நிற்கலாம். "அம்மாவுக்குக் கொஞ்சம் குளுமையா இருக்கட்டும்" என்று கூட்டிப் போகிறீர்கள் என்றால், இ-பாஸ் எடுக்கும்போதே ஸ்வெட்டர், காதுக் குல்லா, மாத்திரைச் சீட்டு மூன்றையும் பையில் வையுங்கள். பக்கவாதம் வந்து சில வாரங்களே ஆகியிருந்தால் போவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

போனில் செய்ய வேண்டியது

தமிழக அரசின் 'டி.என்.-அலர்ட்' செயலியைப் போட்டு, இருப்பிடத்துக்கு அனுமதி கொடுங்கள். உங்கள் பகுதி வானிலை எச்சரிக்கை தமிழிலேயே வரும். பகல் வெப்பத்தை மட்டும் பார்க்காமல் இரவு எவ்வளவு இறங்குகிறது என்றும் பாருங்கள். இரவிலும் இறங்காத நாட்களில்தான் வயதானவர்கள் அதிகம் தளர்கிறார்கள். சந்தேகம் கேட்க 104, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. மாத்திரைச் சீட்டையும் பழைய ஸ்கேன் அறிக்கையையும் போட்டோ எடுத்து, வீட்டில் குறைந்தது இரண்டு பேர் போனில் வையுங்கள். 108-ல் பேசும்போது தெருப் பெயரோடு பக்கத்துக் கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். வண்டி வரும்போது ஒருவர் மெயின் ரோட்டுக்கே போய் நில்லுங்கள்.