மிளகும் ரோமாபுரிப் போர்களும்



சளி பிடித்துவிட்டால் நம் வீட்டில் முதலில் என்ன செய்கிறார்கள்? நாலு மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைக்கிறார்கள். அந்த நாலு மிளகுக்கும், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் நடந்த பதவிச் சண்டைக்கும் தொடர்பு உண்டென்று சொன்னால் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உண்மையிலேயே உண்டு. இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

ரோமாபுரி நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மன்னர் இல்லாத குடியரசாக இருந்தது. ஆண்டுதோறும் இருவரைத் தேர்ந்தெடுத்து ஆட்சியை ஒப்படைப்பார்கள். செனட் என்னும் பெரியோர் அவை அவர்களுக்கு வழி சொல்லும். ஆனால் படையைக் கையில் வைத்திருந்த தளபதிகளின் கை வரவர ஓங்கியது. அவர்களில் ஒருவரான ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் செனட் கூட்டத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். பிறகு அவருடைய வாரிசான ஆக்டேவியனும், அவருடைய தளபதி ஆண்டனியும் ஆட்சிக்காக மோதினர். ஆண்டனிக்கு எகிப்திய அரசி கிளியோபாத்ரா துணை. கி.மு. 31இல் ஆக்டியம் என்ற இடத்தில் நடந்த கடற்போரில் ஆக்டேவியன் வென்றார். மறு ஆண்டே எகிப்து ரோமானியர் வசமாயிற்று. கி.மு. 27இல் அவர் அகஸ்டஸ் என்ற பட்டத்தைப் பெற்றார். குடியரசு என்ற பெயர் மட்டும் இருந்தது. ஆட்சி ஒருவர் கைக்குப் போய்விட்டது.

எங்கோ நடந்த இந்தப் போரால் தமிழகத்துக்கு என்ன? எகிப்தின் கிழக்கே செங்கடல் இருக்கிறது. அங்கிருந்து ஜூலை மாதம் புறப்பட்டால் தென்மேற்குப் பருவக்காற்று கப்பலை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வேண்டும். ஆம், ஆண்டு முடிவில் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வெள்ளம் கொண்டுவருகிறதே, அதே பருவக்காற்றுத்தான். எகிப்தின் துறைமுகம் ஒன்றிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றதாகவும், முன்பு மிகச் சிலவே துணிந்து சென்றதாகவும் அக்காலத்து ஸ்ட்ராபோ எழுதினார். அவை வந்து சேர்ந்த துறைகளில் பெரியது சேர நாட்டு முசிறி. சங்கப் பாடல்கள் அவர்களை யவனர் என்கின்றன. பெரும்பாலோர் எகிப்தில் வாழ்ந்த, கிரேக்க மொழி பேசிய வணிகர்கள்.

அவர்கள் கொடுத்தது பொன்னும் வெள்ளியும். தமிழகத்தில், முக்கியமாகக் கோயம்புத்தூர் வட்டாரத்தில், அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் தலை பொறித்த வெள்ளிக்காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி என்பவர் வருந்தி எழுதினார். கி.பி. 64இல் நீரோ மன்னர் வெள்ளிக்காசின் எடையையும் தூய்மையையும் குறைத்துவிட்டார். அதற்குப் பிந்திய வெள்ளிக்காசுகள் தமிழகத்தில் குறைவாகவே கிடைக்கின்றன. நம் வணிகர்கள் முகத்தைப் பார்த்து மயங்கவில்லை. உலோகத்தைப் பார்த்தார்கள் என்றே நாம் கருதுகிறோம். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் மேலேயே வெட்டு விழுந்திருந்தது. வெட்டிவிட்டால் அது காசல்ல, எடைக்கு விற்கும் பொன் என்பது அறிஞர் சிலர் கூறும் காரணம். (நாமும் ரிங்கிட்டை இன்னும் ‘வெள்ளி’ என்றுதானே சொல்கிறோம்!)

ரோமானியர் பல தெய்வங்களை வணங்கியவர்கள். அகஸ்டஸ் கி.பி. 14இல் இறந்ததும் அவரையும் தெய்வமாக்கிக் கோயில் கட்டினார்கள். பழைய ரோமானிய வரைபடம் ஒன்றில் முசிறிக்குப் பக்கத்தில் ‘அகஸ்டஸ் கோயில்’ என்று குறித்திருக்கிறது. எகிப்துக் கரையிலுள்ள பெரனிகேயிலோ, கோயில் ஒன்றின் முற்றத்தில் இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு இருந்ததைத் தோண்டி எடுத்தார்கள்.

வியன்னா நகரில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. முசிறி வணிகம் பற்றிய கடன் ஒப்பந்தமும், ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கும் அதில் உள்ளன. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த ஒரு கப்பலின் சரக்கு மட்டும் ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். அதில் அரசாங்கம் நூற்றுக்கு இருபத்தைந்து வரி வாங்கியது. வரிக்குக் கணக்கு உண்டு, யானைத் தந்தத்துக்கு எடை உண்டு. மலையேறி மிளகு பறித்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. ரோமாபுரியின் பொன் தமிழகத்தில் கொட்டியது என்று மேடையில் பெருமை பேசும்போதெல்லாம் நமக்கு இந்த ஏடு நினைவுக்கு வருகிறது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நம்மவர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த விலையையும் தோட்டத்தில் யாரும் முடிவு செய்யவில்லை.

மிளகின் மதிப்பு ரோமாபுரியின் கடைசிக் காலம் வரைக்கும் குறையவில்லை. கி.பி. 408இல் விசிகோத்தியர் தலைவன் அலாரிக் நகரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டான். விலகிப் போக அவன் கேட்ட பொருள்களில் 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி ஆகியவற்றோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. கொடுத்தார்கள், போனான். இரண்டே ஆண்டுகளில் திரும்பி வந்து நகரைச் சூறையாடினான்.